ஜப்பானியப் போர்க்காலப் பயிற்சி விமான மாடலுக்குச் சரியான ஆரஞ்சு: தேர்வு முதல் பூச்சு வரை

ஜப்பானியப் பயிற்சி விமானம் என்றாலே ஆரஞ்சு. மாடல் கட்டும் பாகங்கள் அடங்கிய கிட் பெட்டியில் வரும் தாளும் ‘ஆரஞ்சு மஞ்சள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடும். அதை நம்பிக் கடைக்குப் போனால், எலுமிச்சை மஞ்சளுக்கும் தக்காளிச் சிவப்புக்கும் நடுவே ஏழெட்டுப் பெயின்ட் புட்டிகள் அலமாரியில் நிற்கும். எல்லாவற்றின் மேலும் ஏதோ ஒரு வகையில் ஆரஞ்சு என்றுதான் எழுதியிருக்கும்.

‘ஜப்பானியப் பயிற்சி ஆரஞ்சு’ என்று ஒரே ஒரு நிறத்தைத் தேடுவது வீண் வேலை. வெவ்வேறு தொழிற்சாலைகள், கடற்படை, தரைப்படை என இரண்டு தனித்தனி அமைப்புகள், பத்தாண்டு காலம், துணி மேலும் உலோகத்தின் மேலும் ஒரே பூச்சு: இவ்வளவும் சேர்ந்தால் நிறம் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. ஒரு குறிப்பிட்ட விமானம், ஒரு குறிப்பிட்ட ஆண்டு என்று முதலில் முடிவு செய்துகொண்டு நிறத்துக்குப் போனால் தேர்வு சட்டென்று சுருங்கிவிடும். இந்த வழிகாட்டியின் அடிப்படை அதுதான். உதாரணத்துக்குப் பெரும்பாலும் யோகோசுகா கே5ஒய் விமானத்தையே எடுத்துக்கொள்கிறேன். மாடல் கட்டுகிறவர்கள் அதிகம் விரும்புவது அதுதான். நிறத்தில் அதிகம் குழம்புவதும் அதில்தான்.

படி 1: எந்த விமானம், எந்த ஆண்டு

கே5ஒய், கடற்படையின் ‘93-ஆம் வகை’ இடைநிலைப் பயிற்சி விமானம். இரட்டை இறக்கை, துணி போர்த்திய உடல், இரண்டு திறந்த இருக்கைகள். 1933 இறுதியில் முதலில் பறந்தது, 1934இல் சேவைக்கு வந்தது. ஐயாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். நேசநாட்டுப் படைகள் இதற்கு வைத்த பெயர் வில்லோ. ஜப்பானியர்கள் ‘அகாதொம்போ’, அதாவது சிவப்புத் தும்பி என்றார்கள். தரைப்படையின் தச்சிகாவா கி-9 விமானத்துக்கும் இதே செல்லப்பெயர் உண்டு. அதனால் இணையத்தில் படம் தேடும்போது இரண்டும் கலந்து வரும். நிறத்தை ஒப்பிடுவதற்கு முன் அது எந்தப் படையின் விமானம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கே5ஒய்யின் வாழ்நாளைப் பூச்சைப் பொறுத்து மூன்று காலமாகப் பிரிக்கலாம்.

முதல் காலத்தில் அது ஆரஞ்சே இல்லை. 1930களின் நடுவில் உடல் முழுக்க வெள்ளி நிற அலுமினியப் பூச்சு. வால் பகுதி மட்டும் சிவப்பு. கடலிலோ காட்டிலோ இறங்கிவிட்ட விமானத்தைத் தேடுகிறவர்கள் கண்ணில் படுவதற்காகக் கடற்படை 1933இல் கொண்டுவந்த ஏற்பாடு இந்தச் சிவப்பு வால். இந்தக் காலத்தை மாடலாக்க ஏனோ பலர் யோசிப்பதில்லை. என் கண்ணுக்கு மூன்றில் மிக அழகானது இதுதான்.

இரண்டாவது காலம் 1930களின் பிற்பகுதியில் தொடங்குகிறது. பயிற்சி விமானங்கள் முழு ஆரஞ்சுக்கு மாறின. காரணம் எளிது: புதிதாக ஓட்டக் கற்கிறவன் பறக்கிறான், மற்றவர்கள் விலகிப் போகட்டும். சோதனையில் இருந்த புதிய போர் விமானங்களுக்கும் கடற்படை இதே குடும்ப நிறத்தைத்தான் பூசியது. ஆகவே ஆரஞ்சு நிறத்தில் கடற்படையின் ரைடன் போர் விமானத்தின் படத்தைப் பார்த்தால் அது கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள்.

மூன்றாவது காலம் போரின் கடைசிப் பகுதி. அமெரிக்க விமானங்கள் ஜப்பான் மண்ணுக்கு மேலேயே வரத் தொடங்கிய பிறகு, தரையில் நிற்கும் ஆரஞ்சு விமானம் நல்ல இலக்காகிவிட்டது. மேற்பரப்பில் கரும்பச்சை ஏற்றினார்கள். அடிப்பகுதி பெரும்பாலும் ஆரஞ்சாகவே கிடந்தது. 1945இல் இந்தப் பழைய துணி விமானங்கள் தற்கொலைத் தாக்குதலுக்கும் அனுப்பப்பட்டன. ஜூலை 29 அதிகாலையில் ஒகினாவா அருகே அமெரிக்க நாசகாரிக் கப்பல் கலஹனை மூழ்கடித்தது இந்த வகை விமானம்தான். கமிகாஸே தாக்குதலில் மூழ்கிய கடைசி நேசநாட்டுக் கப்பலும் அதுவே. அந்தக் கட்டத்தை மாடலாக்குகிறவருக்குப் பளபளக்கும் ஆரஞ்சு தேவையே இல்லை.

படி 2: கறுப்பு வெள்ளைப் படத்தைப் படிப்பது

சரி, ஆண்டை முடிவு செய்தாயிற்று. அடுத்து, அந்த விமானத்தின் புகைப்படம் ஒன்று வேண்டும். கிடைப்பது பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். இந்த இடத்தில் நின்று நிதானமாக வேலை செய்தால் பின்னால் நிறைய நேரம் மிச்சம்.

அந்தக் காலப் ஃபிலிம்கள் எல்லாம் ஒரே மாதிரி நிறத்தைப் பதிவு செய்யவில்லை. ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு அதில் கிட்டத்தட்டக் கறுப்பாகவே விழும், ஆரஞ்சும் எதிர்பார்ப்பதைவிட நன்றாக இருண்டுவிடும். பான்குரோமாட்டிக் ஃபிலிம் எல்லா நிறத்தையும் வாங்கிக்கொள்ளும்; அதில் ஆரஞ்சு வெளிர் சாம்பலாக வரும். ஒரே விமானத்தை ஒரே நாளில் இரண்டு ஃபிலிமில் எடுத்தால், ஒன்றில் வெளிர் நிறமாகவும் மற்றதில் கரும்பச்சை போலவும் தெரியும். ‘இந்தப் படையணி பச்சை விமானங்களை வைத்திருந்தது’ என்று யாராவது ஒரே ஒரு படத்தை வைத்து அடித்துச் சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

எந்த ஃபிலிம் என்று கண்டுபிடிக்கச் சில தடயங்கள் உண்டு. முதலில் இறக்கையிலும் உடலிலும் இருக்கும் ஹினோமாரு, அந்தச் சிவப்பு வட்டம். வட்டம் நடுத்தரச் சாம்பலாகவும் சுற்றியுள்ள உடல் அதைவிடத் தெளிவாக வெளிறியும் இருந்தால் பான்குரோமாட்டிக் என்று வைத்துக்கொள்ளலாம். வட்டம் கன்னங்கரேலென்று இருந்து, உடலும் அதற்குப் பக்கத்தில் இருட்டாக இருந்தால் ஆர்த்தோகுரோமாட்டிக். வெள்ளை வளையம் இல்லாத வட்டம் இந்த ஃபிலிமில் உடலோடு கரைந்தே போய்விடும். குறியே போடாத விமானம் என்று தோன்றும். அப்புறம் படத்தில் நிற்கும் ஆட்களைப் பாருங்கள். உதடும் தோலும் இயல்புக்கு மீறி இருண்டிருந்தால் அதுவும் ஆர்த்தோவைத்தான் காட்டுகிறது. வானத்தை மட்டும் நம்ப வேண்டாம். லென்ஸ் மேல் மஞ்சள் ஃபில்டர் போட்டால் நீல வானம் இருண்டுவிடும், கணக்கு தலைகீழாகிவிடும்.

மேலே பச்சை, கீழே ஆரஞ்சு இருக்கும் கடைசிக் கால விமானத்தில் சிக்கல் இன்னும் கூடும். பான் ஃபிலிமில் எல்லைக்கோடு பளிச்சென்று தெரியும். ஆர்த்தோவில் ஆரஞ்சு பச்சையின் அளவுக்கு இறங்கிவிட்டால் கோடு மங்கிவிடும். அதோடு அடிப்பகுதியில் விழும் நிழலும் சேர்ந்துகொண்டால் முழு விமானமும் ஒரே நிறமாகத் தெரியும். அந்த மாதிரிப் படத்தில் இறக்கையின் முன்விளிம்பைப் பாருங்கள். மேற்பரப்பு பச்சை என்றால், நண்பன் எதிரி அடையாளத்துக்காகப் போட்ட மஞ்சள் பட்டை முன்விளிம்பின் உட்பாதியில் ஓடலாம். ஜப்பானியக் கடற்படை இந்தப் பட்டையை 1942இல் கொண்டுவந்தது. முழு ஆரஞ்சு விமானத்தில் அது இருந்தாலும் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. ஆகவே பட்டை எடுப்பாகத் தெரிந்தால், சுற்றியிருப்பது ஆரஞ்சு இல்லை என்பதற்கு அது நல்ல சாட்சி.

கணினியில் நிறமேற்றிய பழைய படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றை நிறத்துக்கு ஆதாரமாக எடுக்கவே வேண்டாம். சாம்பலைப் பார்த்து மென்பொருள் ஊகித்த நிறம் அது. ஆர்த்தோ பான் வித்தியாசமெல்லாம் அதற்குக் கவலையில்லை.

படி 3: ஆதாரங்களைத் தரம் பிரிப்பது

எனக்கு மிக மதிப்பானது மேல்பூச்சு மாறாத பழைய உலோகத் துண்டு. அப்படி அபூர்வமாகக் கிடைத்த ஒன்று, தச்சிகாவா கி-54 என்ற தரைப்படையின் இரட்டை எஞ்சின் பயிற்சி விமானம். 1943 செப்டம்பரில் வட ஜப்பானின் தொவாதா ஏரியில் விழுந்து, 2012இல் மேலே எடுக்கப்பட்டது. குளிர்ந்த நன்னீரில் கிடந்ததால் கடல்நீர் அரிப்பு இல்லை; சிவப்பு வட்டமும் பூச்சும் அடையாளம் தெரிகிற நிலையில் வந்தன. ஆனால் இது தரைப்படை விமானம். இதன் நிறத்தைக் கொண்டுபோய்க் கடற்படை கே5ஒய்யின் மேல் பூசக் கூடாது.

அடுத்தது 1945இன் பிற்பகுதியில் அமெரிக்கப் படையினர் ஜப்பானில் எடுத்த வண்ணப் படங்கள். மதிப்பானவைதான், ஆனால் அவை காட்டுவது பராமரிப்பில்லாமல் வெயிலில் நின்று வெளுத்த விமானங்களை. 1940இல் தொழிற்சாலையிலிருந்து வந்த விமானத்துக்கு அந்த வெளிறிய நிறம் பொருந்தாது. ஸ்கேன் செய்தபோது நிறம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஹினோமாருவின் வெள்ளை வளையத்தை அளவுகோலாக வையுங்கள். வளையமே மஞ்சளாகத் தெரிந்தால் ஆரஞ்சும் அதற்கேற்ப ஏறியிருக்கும்.

அருங்காட்சியக விமானங்களைக் கடைசியில்தான் வைப்பேன். ஜகார்த்தாவின் சத்ரியா மண்டலா அருங்காட்சியகத்தில் ஒரு கே5ஒய் இருக்கிறது. இந்தோனேசியர்கள் அதைச் சுரேங் என்பார்கள். 1945 அக்டோபரில் இந்தோனேசிய விமானி அதிசுத்ஜிப்தோ தம் நாட்டுச் சிவப்பு வெள்ளை அடையாளம் பூசிய சுரேங் ஒன்றை யோக்யகர்த்தாவில் பறக்கவிட்டதும், 1947 ஜூலை 29இல் சுரேங்குகள் டச்சுக்காரர்கள் பிடியிலிருந்த ஊர்கள்மேல் குண்டு போட்டதும் அந்நாட்டு விமானப்படை வரலாற்றின் பெருமைகள். அந்தச் சுரேங்கைக் கட்டினால் நிறக் கதையே வேறு. ஆனால் காட்சிக்கு வைத்த விமானம் எத்தனையோ முறை மறுபூச்சு கண்டிருக்கும். ஜப்பானியர் காலத்து ஆரஞ்சுக்கு அது சாட்சியாகாது. வடிவத்தையும் சின்னச் சின்னக் கருவிகளையும் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

பெட்டி மேல் இருக்கும் ஓவியம்? ரசிக்கலாம்.

படி 4: எண்களைப் பயன்படுத்துவது

ஜப்பானியக் கடற்படையிடம் ‘கரிகி 117’ என்ற பூச்சு நிறத் தரம் இருந்தது. நிறங்களுக்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு கொடுத்திருந்தார்கள். 1945இல் இரு படைகளுக்கும் பொதுவாக 8609 என்ற தரம் வந்தது. இவற்றை வைத்துப் பின்னாளில் ஆய்வாளர்கள் மன்செல் என்ற நிற அளவுமுறையின் எண்களும் அமெரிக்க அரசின் நிறத் தரமான எஃப்.எஸ். 595 எண்களும் பொருத்தினார்கள். பொருத்தம் என்பது ‘அருகில்’ என்பதுதான், ‘அதே’ அல்ல.

எஃப்.எஸ். எண்ணில் முதல் இலக்கம் பளபளப்பைச் சொல்கிறது: 1 என்றால் பளபளப்பு, 2 என்றால் பாதி, 3 என்றால் பளபளப்பே இல்லாத மட்டு (மேட்). ஆக 13538ம் 33538ம் ஒரே நிறம், பளபளப்பு மட்டும் வேறு. பயிற்சி ஆரஞ்சைத் தேடும்போது இரண்டு எண்களை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். 13538 அமெரிக்கப் பயிற்சி விமானங்களின் ஆரஞ்சு மஞ்சள். நமக்கு அது மஞ்சள் கூடியது. 12197 ‘இன்டர்நேஷனல் ஆரஞ்சு’. நமக்குச் சிவப்பு கூடியது. இந்த இரண்டுக்கும் நடுவில் மஞ்சள் பக்கமாக ஒரு புள்ளியில் நிற்பதே கே5ஒய்க்கு என் தேர்வு.

படி 5: புட்டியைத் தேர்ந்தெடுப்பது

மிஸ்டர் கலர் என்ற மாடல் பெயின்ட் வரிசையின் லேக்கரில் (தின்னரில் கரையும் பெயின்ட்) 58ஆம் எண் ஆரஞ்சு மஞ்சள், 59 ஆரஞ்சு. நீரில் கரையும் மிஸ்டர் ஹாபி வரிசையில் இவற்றுக்கு இணை எச்24, எச்14. போர் விமானங்களின் முன்விளிம்புப் பட்டைக்கு 58ஐ அப்படியே பூசலாம். முழு விமானத்துக்கும் அதையே பூசினால் கொஞ்சம் மஞ்சள் தூக்கலாக இருக்கும் என்பது என் கருத்து. 58இல் மூன்று பங்கும் 59இல் ஒரு பங்கும் கலந்து தொடங்குவேன். புத்தம்புது விமானம் என்றால் 59 சற்றுக் கூடலாம்.

தமியா நிறுவனப் பெயின்ட் மட்டும் கிடைக்கிறவர்கள் எக்ஸ்எஃப்-3 மஞ்சள் இரண்டு பங்கு, எக்ஸ்-6 ஆரஞ்சு ஒரு பங்கு என்று ஆரம்பிக்கலாம். நிறம் பொம்மைத்தனமாகப் பளிச்சிட்டால் எக்ஸ்எஃப்-64 செம்பழுப்பை ஒரு துளி விட்டு அடக்குங்கள். ஒரு துளி என்றால் ஒரு துளிதான். கூடினால் ஆரஞ்சு அழுக்காகிவிடும்.

சின்ன அளவு மாடலுக்கு நிறத்தைக் கொஞ்சம் வெளிறச் செய்ய வேண்டும் என்ற வழக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆரஞ்சில் வெள்ளை கலந்தால் பால் கூடிப்போன கேரட் அல்வா நிறம் வந்து நிற்கும். வெளிறச் செய்ய மஞ்சளையே சேர்க்க வேண்டும்; வெயிலில் வெளுத்த தோற்றத்துக்கு யானைத்தந்த நிறத்தைச் சிறிது சேர்க்கலாம்.

கலவையை நேராக மாடல் மேல் அடிக்காதீர்கள். பிளாஸ்டிக் ஸ்பூன் முதுகில் அடித்து, முழுக்கக் காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டிலும் மஞ்சள் எல்இடியிலும் ஆரஞ்சு ஏமாற்றும். அதே ஸ்பூனில் ஹினோமாருவுக்கு எடுத்து வைத்திருக்கும் சிவப்பையும் ஒரு பொட்டு வையுங்கள். என்னைப் பொறுத்தவரை இதுதான் உண்மையான சோதனை. இரண்டு நிறமும் எட்ட இருந்து பார்த்தாலும் தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும். பிரியவில்லை என்றால் ஆரஞ்சில் சிவப்பு கூடிவிட்டது என்று அர்த்தம். புட்டியில் என்ன எண் இருந்தாலும் சரி. ஹினோமாருச் சிவப்பும் இன்றைய ஜப்பானியக் கொடியின் பளிச் சிவப்பு அல்ல, சற்று ஆழ்ந்தது. தமியா எக்ஸ்எஃப்-7இல் துளி பழுப்பு சேர்த்தால் சரியாக வரும்.

படி 6: பூச்சு வரிசை

ஆரஞ்சு மெல்லிய நிறம். அடியில் இருப்பதை மறைக்காது. சாம்பல் பிரைமரில் (அடிப்பூச்சில்) நேராக அடித்தால் அழுக்கு ஆரஞ்சு வரும், கோட் மேல் கோட் ஏறும், துணி வரிகள் மூழ்கும். முதலில் வெள்ளைப் பிரைமர் அடித்து, அதன் மேல் மெல்லிய மஞ்சள் ஒரு கோட் கொடுத்து, பிறகு ஆரஞ்சுக்குப் போங்கள். லேக்கர் என்றால் ஒரு பங்குக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு தின்னர், ஏர்பிரஷ்ஷில் 0.3 மி.மீ. ஊசி, ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். மழைநாளில் லேக்கர் வெண்மையாகப் பூத்துவிடும். மெதுவாகக் காயவைக்கும் லெவலிங் தின்னர் கொஞ்சம் காப்பாற்றும், வேலையைத் தள்ளிவைப்பது முழுவதும் காப்பாற்றும்.

கடைசிக் கால விமானம் என்றால் பச்சை பூசுவதற்கு முன் முழு மாடலையும் ஆரஞ்சாக முடித்துவிடுங்கள். நிஜத்திலும் அப்படித்தான் நடந்தது. உரசிய இடத்தில் எட்டிப் பார்க்கும் ஆரஞ்சு பிறகு தானாகவே அமையும். பச்சைக்கு மிஸ்டர் கலர் 15 அல்லது 124. முன்னது நாகாஜிமா, பின்னது மிட்சுபிஷி என்று பெயர் போட்டிருக்கும். பயிற்சித் தளத்தில் அவசரத்துக்குப் பூசிய பச்சைக்கு இந்தப் பெயர்களின் துல்லியம் பொருந்தாது, கண்ணுக்குப் பிடித்ததை எடுக்கலாம். எல்லைக்கோட்டை டேப் ஒட்டிக் கத்தி மாதிரி வெட்டாமல், கையால் அடித்த மாதிரி கொஞ்சம் தளர்வாக விடுங்கள், உங்கள் புகைப்படம் வேறு மாதிரி சொன்னால் ஒழிய.

ஹினோமாருவை முடிந்தால் சுற்றிலும் மாஸ்க் (மறைப்பு) வைத்துப் பூசிவிடுங்கள். கிட்டில் வரும் ஒட்டுப்படமான மெல்லிய டீக்காலுக்கு அடியிலிருந்து ஆரஞ்சு ஊடுருவித் தெரியும், இறக்கையின் பச்சை ஆரஞ்சு எல்லை வட்டத்தின் குறுக்கே கோடாகவே தெரியும். வெள்ளை அடித்து, அதன் மேல் சிவப்பு. வெள்ளை வளையம் உண்டா இல்லையா என்பதைப் புகைப்படம் சொல்லட்டும். வழக்கமான 75 மி.மீ. வளையம் 1/48 அளவில் 1.6 மி.மீ., 1/72இல் ஒரு மி.மீ. சொச்சம். கிட் டீக்கால்களில் இது பெரும்பாலும் தடித்துப் போயிருக்கும்.

படி 7: மற்ற பாகங்கள்

இவற்றில் நேரம் அதிகம் செலவிடத் தேவையில்லை. கே5ஒய்க்கு மரத்தாலான இரண்டு இதழ் புரொப்பெல்லர்; போர் விமானங்களுக்கான மிஸ்டர் கலர் செம்பழுப்பு 131ஐப் பழக்கதோஷத்தில் எடுத்துவிடாதீர்கள். உலோக உட்பகுதிகளுக்கு ‘அவோதாகே’ என்ற ஊடுருவும் நீலப்பச்சைப் பூச்சு. மிஸ்டர் கலர் 57. வெள்ளி மேல் தெளிவான நீலமும் பச்சையும் அடித்தாலும் வரும். கடற்படையின் ஸீரோ போர் விமானத்தின் இரட்டை இருக்கைப் பயிற்சி வடிவமான ஏ6எம்2-கே கட்டுகிறவர்களுக்கு ஒன்று: ஹசெகாவா நிறுவனக் கிட்டில் உடல் ஆரஞ்சாக இருந்தாலும் எஞ்சின் மூடி நீலம் கலந்த கறுப்பு, மிஸ்டர் கலர் 125. அந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் ஆரஞ்சு இன்னும் வெளிச்சமாகத் தெரியும்; எனவே கலவையை மூடி பூசிய பிறகு மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

படி 8: வெயிலும் பழுதும்

ஆரஞ்சில் கறுப்பு வாஷ் (கோடுகளில் ஓடவிடும் நீர்த்த பெயின்ட்) போட்டால் கோடுகள் கார்ட்டூன் மாதிரி இருக்கும். செம்பழுப்பு வாஷ் போதும். அந்தக் கால ஆரஞ்சு மஞ்சள் பூச்சுகளில் பரவலாக இருந்த ஈய குரோமேட் சாயம் வெளிச்சத்திலும் கந்தகப் புகையிலும் கருமை தட்டக்கூடியது. அதனால் பழசாகும்போது எல்லா இடமும் வெளுக்கும் என்று இல்லை. சில இடங்கள் மங்கிப் பழுப்பேறும். எஞ்சினைச் சுற்றியுள்ள உலோகத் தகடுகளையும் துணிப் பரப்பையும் வெவ்வேறு விதமாக வயதாக்குங்கள்.

பெயின்ட் உரிந்து வெள்ளி தெரிகிற உத்தியைத் துணிப் பரப்பில் செய்யவே கூடாது. துணிக்கு அடியில் அலுமினியம் இல்லை. அதற்குப் பதில் ஒட்டுப் போடலாம்: பயிற்சி விமானத்தின் துணி அடிக்கடி கிழியும், கிழிந்த இடத்தில் புதுத் துணி ஒட்டிப் புதுப்பூச்சு அடிப்பார்கள். கீழ் இறக்கையிலும் வாலுக்கு அருகிலும் இரண்டு மூன்று சிறு செவ்வகங்களை மாஸ்க் செய்து, 59 சற்றுக் கூடிய கலவையை மெல்ல அடியுங்கள். மேலே பாதிப் பளபளப்புள்ள கிளியர் (நிறமில்லாத பூச்சு). 1945 விமானத்தின் பச்சைக்கு மட்டும் முழு மட்டு.